மருமகனின் சொந்தக் குரல் பற்றி அத்தானுக்கு

உ

குண்டசாலை,
செவ்வாய்க்கிழமை, காலையிலிருந்து மழை.

மதிப்புக்குரிய அத்தான் சபாநடேசன் அவர்களுக்கு,

உரும்பிராயில் நீங்களும் லீலாதேவி அக்காவும் மகன் சுஜந்தனும் சுகமாயிருக்க ஆண்டவனை வேண்டிக்கொண்டு மைத்துனன் பாலேந்திரன் பணிவுடன் எழுதுவது. இங்கே நாங்களும் அவ்வண்ணமே என்று எழுதிவிட்டுப் பிறகு அடித்திருக்கிறேன், மன்னிக்கவும். முப்பத்தாறு வருசம் அரசாங்கக் கந்தோரில் லிகிதராக இருந்தவன் பொய்யான அறிக்கையில் கையெழுத்து வைக்கக்கூடாது. மனைவி றஞ்சனாவுக்கு முழங்கால் நோவு தவிரச் சுகம். மகள் பிரியாந்தினி பிள்ளைப்பேற்றிலிருந்து தேறிவிட்டாள். பேத்திக்கு இன்று இருபத்தெட்டாம் நாள். மருமகன் சஞ்சீவ் விஷயத்தில்தான் சுகம், சுகமில்லை இரண்டில் எந்தக் கூட்டுக்குள் புள்ளடி போடுவது என்று தெரியவில்லை. இதை ஏன் போனில் சொல்லக்கூடாது என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் இப்போது போனில் கேட்பதை ஒருவரும் நம்புவதில்லை அத்தான். கையெழுத்து ஒன்றுதான் இன்னும் அவரவருடையதாக இருக்கிறது.

சஞ்சீவை உங்களுக்குத் தெரியும் என்றாலும் முறைப்பாட்டின் முதற்பந்தியில் ஆளை அடையாளம் காட்டவேண்டும் என்பது எங்கள் கந்தோர் வழக்கம். தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அரசியல்வாதிகளைப் போலப் பேசி அவர்களையே நக்கலடிப்பது தொழில். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டுபவர்களோடு சேர்ந்து அறிவிப்புச் செய்யத் தொடங்கி, தேர்தல் மேடை, கண்டியில் கலைவிழா, யூடியூப் என்று வளர்ந்தவன். மூன்று கட்சிக்காரரும் அவனை மேடைக்குக் கூப்பிடுவார்கள், மற்ற இரண்டு கட்சியையும் அவன் கிழிப்பதைக் கேட்க. ஆனால் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு அமைச்சர்தான். அவர் பெயரை இதில் எழுதமாட்டேன். ஒருநாள் பேப்பரில் வந்த அந்தப் பெயரை நான் சத்தமாக வாசிக்க, உள்ளறையிலிருந்து அவர் குரலிலேயே ‘சொல்லுங்க’ என்று பதில் வந்தது. அதன் பிறகு இந்த வீட்டில் அவருக்கு அமைச்சர் என்று மட்டும்தான் பேர். யார் என்ன மனுக் கொடுத்தாலும் மூன்று தரம் தொண்டையைச் செருமி, ‘பார்த்துக்குவோம்’ என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே ஐந்து தேர்தல் வென்றவர். சஞ்சீவ் அந்தச் செருமலைப் பிடித்தான் பாருங்கோ, ஊரே சிரித்தது. அமைச்சரும் கோபிக்கவில்லை. தனக்குத் தடிமன் பிடித்துத் தொண்டை கட்டிய ஒருநாள் வானொலிப் பேட்டிக்கு இவனையே பேசவிட்டு, அடுத்தநாள் கூப்பிட்டு, ‘நேத்து நான் என்ன சொன்னேன் தம்பி’ என்று கேட்டாராம். பாலம் கட்டித் தருவதாகச் சொன்னீங்க என்றிருக்கிறான். அந்தப் பாலம் கட்டியும் போட்டார்கள். அவர் வாழ்நாளில் நிறைவேறிய வாக்குறுதி அது ஒன்றுதான் என்று சஞ்சீவ் மேடையில் சொல்ல, முன்வரிசையில் இருந்த அமைச்சரே கைதட்டினாராம். கடைசிக் காலத்தில் அவர் பேசுவதைக் கேட்டால் சஞ்சீவைப் பார்த்துப் பழகின மாதிரித்தான் இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் அமைச்சர் காலமானது உங்களுக்குத் தெரியும். தெரியாதது இது. அன்று பின்னேரம் திகனயில் ஹுஸைன் நானாவின் இரும்புக்கடை ஆண்டுவிழாவில் சஞ்சீவுக்கு நிகழ்ச்சி. அமைச்சராகப் பேசிக்கொண்டிருந்தவன் நடுவில் நிறுத்தி, கதிரையில் அமர்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அதே குரலில் தண்ணீர் கேட்டிருக்கிறான். சனம் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. ஹுஸைன் நானா பிறகு என் வீட்டுக்கு வந்து, கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் சொன்னார். “ஐயா, கடியாரத்தப் பாத்தவன் நான்தான். மூணு இருவதுக்கு ஒங்கட மருமகன் நெஞ்சப் புடிச்சாரு. நாலு மணிக்கி செய்தி வந்திச்சி. மூணு இருவதுக்கு மந்திரி மவுத்தாம். நாங்க அவ்வளவு பேரும் சிரிச்சோமே, அந்தச் சிரிப்ப இப்ப எங்க கொண்டு வெக்கிறண்டு எனக்கு வெளங்கல்ல.” எனக்கும் விளங்கவில்லை. தற்செயல் என்று சொல்லி அனுப்பினேன். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று எனக்கே பத்துத் தரம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் காகம் பறக்கவில்லை அத்தான். அன்று திகனயிலிருந்து திரும்பி வந்தவன் வாசலில் நின்று, ‘எல்லாரும் சாப்பிட்டீங்களா’ என்று அமைச்சரின் குரலில் கேட்டான். அன்றைக்கு றஞ்சனா சிரித்தாள். இன்றைக்கு மூன்று மாதம், அந்தக் குரல் இறங்கவில்லை. உப்பு வேண்டும் என்றாலும் அமைச்சர்தான் கேட்கிறார். குளியலறைக்குள்ளே தும்மினாலும் அமைச்சர்தான் தும்முகிறார். முகம் மட்டும் சஞ்சீவின் முகம், அது எங்களைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தொண்டை டொக்டரிடம் கொண்டுபோனேன். ‘ஆ’ சொல்லுங்க என்றார். இவன் ‘ஆ’ என்றான். டொக்டர் சட்டென்று கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டார். பிறகு வெட்கப்பட்டு, தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று எழுதித் தந்தார். கோயிலுக்குக் கொண்டுபோனேன். ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்க, சஞ்சீவ் சொன்னான். ஐயர் என்னை ஒருபுறம் கூட்டிக்கொண்டுபோய், “அர்ச்சனை மருமகனுக்கோ, மற்றவருக்கோ? மற்றவருக்கெண்டால் நான் வேற மந்திரமெல்லோ சொல்லவேணும்” என்று கேட்டார்.

இதில் எனக்கும் ஒரு பங்கு குற்றம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். எங்கள் ஒழுங்கைக்குத் தண்ணீர்க்குழாய் போடச்சொல்லி நான் மூன்று வருசமாக மனு எழுதினது உங்களுக்குத் தெரியும். அமைச்சர் உயிரோடிருந்தபோது சஞ்சீவும் ஒருதரம் போன் எடுத்துக் கேட்க, படிவம் மூன்று பிரதியில் கொண்டுவரச் சொன்னார்கள். போன மாதம் நான் ஒரு சபலத்தில், “தம்பி, தண்ணிக் கந்தோருக்கு ஒருக்கால் எடுத்துக் கதைச்சுப் பாருமன்” என்றேன். அவன் எடுத்தான். மூன்று தரம் செருமினான். அடுத்தநாள் காலை எட்டு மணிக்கு ஒழுங்கையை வெட்டத் தொடங்கிவிட்டார்கள். வேலையைப் பார்க்க வந்த கணேஸ் என்ற உத்தியோகத்தரிடம், அமைச்சர் காலமாகி எத்தனை நாள், பேப்பர் படிக்கிறதில்லையா என்று கேட்டேன். அந்த மனிசன் தொப்பியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “தெரியும் சேர். சவ ஊர்வலத்துக்கே போனேன். ஆனா உயிரோட இருக்கிற மந்திரிக்கு முடியாதுன்னு சொன்னா எந்த ஊருக்கு மாத்துவாருன்னு தெரியும். இவரு எங்க மாத்துவாருன்னு தெரியலையே.” இப்போது எங்களுக்கு நல்ல தண்ணீர் வருகிறது. றஞ்சனா அதைச் சுவாமி அறைக்குள் கொண்டுபோகிறதில்லை.

அமைச்சரின் மனைவி செவ்வாய்க்கிழமைகளில் வருகிறா. முதல்நாள் வந்து எங்கள் மண்டபத்துக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்து, தேத்தண்ணியில் சீனி கூடிப்போச்சு என்று ஒருதரம் ஏசச் சொன்னா. சஞ்சீவ் ஏசினான். அந்தம்மா கைலேஞ்சியால் முகத்தைப் பொத்திக்கொண்டு, “அலுமாரித் தெறப்ப எங்க வச்சீங்க, பூட்டியே கெடக்கே” என்று கேட்டா. இவன் யோசிக்கவேயில்லை. “மழைக்கோட்டு உள்பைக்குள்ள.” அடுத்த செவ்வாய் அந்தம்மா திறப்பைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தா. பிறகு, “சரி, கேகாலையில இருக்கிற அவ யாரு” என்று கேட்டா. சஞ்சீவ் மூன்று தரம் செருமி, “பார்த்துக்குவோம்” என்றான். அந்தம்மா சிரிப்பும் அழுகையுமாக, “அவரேதாங்க” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனா. அன்றைக்கு நான் சஞ்சீவை ஒருபுறம் கூப்பிட்டு, திறப்பு அங்கே இருந்தது உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். எனக்குத் தெரியாது என்று தலையாட்டினான். கண் கலங்கியிருந்தது. இதை எழுதும்போதும் அந்தம்மாவின் வாகனம் வாசலில்தான் நிற்கிறது.

இவ்வளவையும் நாங்கள் சமாளித்திருப்போம். பிள்ளை பிறந்த பிறகுதான் விஷயம் முற்றியது. பேத்தி அழும்போது சஞ்சீவ் தூக்கி, ‘பார்த்துக்குவோம்’ என்றால் உடனே நிறுத்திவிடுகிறாள். தொகுதிச் சனம் மாதிரியே கேட்ட கையோடு நம்பிவிடுகிறாள். வருகிற வெள்ளிக்கிழமை முப்பத்தோராம் நாள். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்து, தகப்பன் பிள்ளையின் காதில் மூன்று தரம் பேர் சொல்லவேண்டும். தாரகை என்று பேர் தெரிவுசெய்தாயிற்று. நேற்று பிரியாந்தினி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். “அப்பா, என்ரை பிள்ளைக்குச் செத்த மனிசன்ரை வாயாலை பேர் வைக்கக்கூடாது. இவர் தன்ரை குரலிலை சொல்லட்டும். இல்லாட்டி வெள்ளிக்கிழமை விடிய நான் பிள்ளையோடை யாழ்ப்பாணம் மாமி வீட்டை வெளிக்கிட்டிடுவன். பிறகு திரும்பி வரமாட்டன்.” உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாள் அத்தான். சஞ்சீவ் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தான். என்ன வரும் என்று தெரிந்ததால் மூடிக்கொண்டான். 

சரி, அவனுடைய குரல் எப்படியிருக்கும் என்று அவனுக்கு ஞாபகப்படுத்தினால் வருமென்று றஞ்சனா ஒரு யோசனை சொன்னாள். தேடினோம். அப்போதுதான் வீட்டிலே ஒருவருக்கும் அது தெரியாது என்று தெரியவந்தது. பிரியாந்தினிக்கு அவன் அனுப்பிய குரல்செய்திகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. ஒன்றில் ஒரு ஜனாதிபதி காதலிக்கிறார், ஒன்றில் எதிர்க்கட்சித் தலைவர் கோபித்துக்கொள்கிறார், ஒன்றில் தேர்தல் ஆணையாளர் மன்னிப்புக் கேட்கிறார். அவள் அப்போது அதையெல்லாம் கேட்டுச் சிரித்தவள்தான். கலியாண வீடியோவில் தாலி கட்டிவிட்டு நன்றியுரை சொல்கிறான், அதுவும் சபாநாயகரின் குரலில். யூடியூபில் நானூறு காணொளிகள். ஒன்றிலாவது சஞ்சீவ் இல்லை. என் வீட்டுக்கு வந்த இந்த மூன்று வருசத்தில் என்னோடு அவன் எந்தக் குரலில் பேசினான் என்று நானும் நினைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் றஞ்சனாவும் பஸ் பிடித்துத் தெல்தோட்டைக்குப் போனோம், அவனுடைய தாய் இரத்தினம்மாவிடம். சம்பந்தியம்மாவின் வீட்டுப் படியில் நான் மிதித்தது அதுதான் முதல் தடவை என்பதை இங்கே வெட்கத்தோடு குறிப்பிடுகிறேன். பெற்ற தாய்க்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன். அந்த மனிசி கொழுந்துக் கறை பிடித்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னா. “இவங்கப்பா தவறுனப்ப இவனுக்குப் பதினோரு வயசுங்க. மூணு நாளா நான் வாயில பச்சத்தண்ணி வைக்கல. நாலாம் நாள் காலையில அடுப்படியில வந்து நின்னு, ‘இரத்தினம், எந்திரி, தேத்தண்ணி ஊத்து’ன்னான். அவரு கொரலேதாங்க. நான் எந்திரிச்சேன், ஊத்துனேன். அன்னிலருந்து தெனமும் காலையில அந்தக் கொரல்லதான் எழுப்புவான். வேணாம்னு நான் சொல்லல. புள்ள கொரலு என்னாச்சுன்னு ஒருநா கூட நான் கேட்டுக்கலீங்க.” திரும்பி வரும்போது றஞ்சனா பஸ் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். எனக்கு உண்மையில் பயமாக இருந்தது. நாங்கள் தேடுகிற சாமான் தொலைந்து இருபது வருசத்துக்கு மேலாகிறது.

ஆனபடியால்தான் அத்தான் இந்தக் கடிதம். சாதகம் பொருந்தவில்லை என்று நான் படலையைச் சாத்தின காலத்தில், என்னோடு பேசமுடியாமல் அவன் உங்களுக்குப் போன் எடுத்துத்தானே பெண் கேட்டான். அரைமணித்தியாலம் பேசினதாகவும், ஒரு பகிடியும் விடவில்லை என்றும், ‘பெடியன் நல்ல பெடியன், பயந்து பயந்து கதைக்கிறான்’ என்றும் நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அந்த அரைமணித்தியாலம் ஒன்றுதான் எங்களிடம் மிச்சம். அந்தக் குரல் எப்படியிருந்தது? மெல்லிசா, கட்டையா? மூக்கால் வருமா? வசனத்தின் முடிவில் ஏறுமா, இறங்குமா? நீங்கள் நாற்பது வருசம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவர், ஒரு குரலை விபரித்து எழுத உங்களால் முடியும். இது கிடைத்த அன்றே ஒரு தாளில் எழுதி அவசரத் தபாலில் அனுப்பினால், வெள்ளிக்கிழமைக்கு முதல் அதை அவனுக்கு வாசித்துக் காட்டுவேன். யாரையும் ஒருதரம் கேட்டால் பிடித்துவிடுகிறவன், தன்னையும் பிடித்துவிடுவான் என்று ஒரு நம்பிக்கை.

அக்காவுக்கு என் நமஸ்காரம். சுஜந்தனுக்கு ஆசீர்வாதம், நேரத்துக்கு ஒரு கலியாணமும் கிடைக்கட்டும். உங்கள் வீட்டு மாமரம் இந்த முறையும் காய்த்துக் குலுங்கி, நீங்கள் எல்லோரும் நோய் நொடியின்றி நீடு வாழ அருள்புரியும்படி பிள்ளையாரை வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்பு மைத்துனன்,
ஆ. பாலேந்திரன்.

பின்குறிப்பு: புதன்கிழமை, மாலை நாலரை மணி. மேலே கேட்ட எதையும் எழுத வேண்டாம் அத்தான். அதில் ஒரு பொய்யும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். இன்று மத்தியானம், இரவு முழுதும் மேசையில் திறந்து கிடந்த கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டுக் குடையைத் தேடிக்கொண்டிருக்கும்போது வீட்டுப் போன் அடித்தது. நீங்கள். “பாலேந்திரன், உம்மடை கடிதம் கிடைச்சது” என்றீர்கள். நல்லது அத்தான் என்றேன். “எல்லாம் எழுதியிருக்கிறீர். ஒண்டை மட்டும் மறைச்சுப்போட்டீர். பெடியன் முதன்முதல் உம்மடை வீட்டை வந்த நாள், ‘வணக்கம் மாமா, நான் சஞ்சீவுங்க’ எண்டு சொல்ல, நீர் என்ன சொன்னனீர்? ‘அந்தத் தோட்டத்து ‘ங்க’வைச் செருப்போடை வெளியிலை கழட்டி வைச்சிட்டு உள்ளுக்கு வாரும்’ எண்டு சொன்னனீர். பெடியன் கழட்டி வைச்சான். அதுக்குப் பிறகு உம்மோடை அவன் ஆரின்ரை குரலிலை கதைக்கிறது?” அது நடந்தது அத்தான். ஞாபகமில்லை என்று மேலே எழுதினதுதான் பொய். மூன்று வருசம் என் வீட்டில் ஒரு பிள்ளை யார் யாருடையவோ குரலில் பேசித் திரிந்ததற்கு நான்தான் காரணம். ஓம் அத்தான், என்ரை பிழைதான் என்று சொல்லி அழுதுவிட்டுப் போனை வைத்தேன்.

வைத்த பிறகு பார்த்தால் கடிதம் என் கையில் இருக்கிறது. இன்னும் முத்திரை ஒட்டவில்லை. இந்த வீட்டில் குரல் மட்டும் வருவது செத்தவர்களுக்குத்தானே. மனதுக்குள் உங்களைக் குளிப்பாட்டிக் கிடத்தியும் விட்டேன், குறைநினைக்க வேண்டாம். உடனே உரும்பிராய்க்குப் போன் எடுத்தேன். சுஜந்தன்தான் பேசினான். அப்பாவுக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை முடிந்து பத்து நாள், ஒரு மாதத்துக்கு வாய் திறந்து ஒரு சொல் பேசக்கூடாது, மாமா பயப்படுவார் என்று சொல்லவில்லை என்றான். சுகமாக இருக்கிறீர்கள், கஞ்சி குடிக்கிறீர்கள் என்று கேட்டு உயிர் வந்தது.

நாலு மணிக்குப் போன் மறுபடியும் அடித்தது. எடுத்தேன். நீங்கள்தான். நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் சஞ்சீவின் அறைச் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து ஒவ்வொரு சொல்லும் போனுக்கு வர ஒரு கணம் முந்தியே எனக்குக் கேட்டது. “பாலேந்திரன், மருமகன் உம்மோடை ஏதோ கதைக்க வேணுமாம்.” நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, “கதைக்கச் சொல்லுங்கோ அத்தான்” என்றேன். செருமல் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு குரல். மெல்லிசு. குளிருக்குள் நின்றுவிட்டு வந்தவன் பேசுகிறமாதிரி. “மாமா, நான் சஞ்சீவுங்க.” சொல்லுங்கோ தம்பி என்றேன். கொஞ்சநேரம் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

இப்போது எனக்குள்ள சந்தேகம் இதுதான். அவன் கெட்டிக்காரன். நான் ஆசைப்படுகிறேன் என்று தெரிந்து, சஞ்சீவின் குரல் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஒன்றைச் செய்து காட்டவும் அவனால் முடியும். அதுதானா இது என்று சொல்லக்கூடியவர் உலகத்திலே நீங்கள் ஒருவர்தான், நீங்களோ வாய் திறக்கக்கூடாது. அதனால் இப்படிச் செய்வோம். இன்றைய தபாலும் போய்விட்டதால் இந்தக் கடிதம் உங்களுக்கு வெள்ளிக்கு முதல் வந்து சேராது, ஆகவே இதைப் படம் எடுத்துச் சுஜந்தனின் போனுக்கு அனுப்புகிறேன். நாளை காலை பத்து மணிக்குச் சஞ்சீவ் உங்களுக்கு எடுப்பான். பிரியாந்தினியும் பிள்ளையோடு பக்கத்தில் இருந்து கேட்பாள். நீங்கள் கஞ்சிக் கரண்டியைக் கையில் வைத்திருங்கோ. அன்றைக்குப் பெண் கேட்ட குரல்தான் என்றால் போனில் ஒரு தட்டுத் தட்டுங்கோ. இல்லாவிட்டாலும் ஒரு தட்டுத் தட்டிவிடுங்கோ அத்தான்.